முள்ளுக் கட்டுற வேலை

அந்த அக்காவை நினைத்தால் எனக்கு முகம் வருவதில்லை, உச்சந்தலை வகிடுதான் வருகிறது. எண்ணெய் தேய்த்து இழுத்து வாரிய தலை, நடுவில் வெளுத்துப்போய்த் தெரியும் வகிடு, பின்னங்கழுத்தில் ஒரு கறுப்பு நூல். கிளிநொச்சி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு சப்பாத்துக் கடையில் சில வருடங்கள் ஒன்றாக வேலை செய்தோம். நான் காசு மேசையில் இருப்பேன். அவர் தரையில் இருப்பார். மேலேயிருந்து பார்த்துப் பழகியதால் முகம் மனதில் தங்கவில்லை போலிருக்கிறது.

இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. வவுனியாப் பக்கம் ஒரு வீட்டில் வயதான ஆளைப் பார்க்கிறார் என்று ஒருத்தி சொன்னாள். திரும்பவும் வெளிநாடு போய்விட்டார் என்று இன்னொருத்தி சொன்னாள். கேட்டதையெல்லாம் நம்புகிற ஆள் நானில்லை. ஆனால் இரண்டில் எது உண்மையென்றாலும் அவர் யாரோ ஒருவருடைய காலடியில் இருப்பார் என்பதை மட்டும் நம்புகிறேன்.

அவர் வேலைக்கு வந்த முதல் நாளே எனக்கு எரிச்சல் மூட்டினார். எங்கள் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. வந்தவர் கேட்ட அளவைப் பெட்டியோடு கொண்டுவந்து முன்னால் வைப்போம், போட்டுப் பாருங்கோ என்போம், அவர் குனிந்து மல்லுக்கட்டி முடிக்கும் வரை போனைப் பார்த்துக்கொண்டு நிற்போம். இவர் அப்படியில்லை. இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றி, மடியில் ஒரு துணியை விரித்து, வந்தவரின் காலைத் தூக்கி அந்தத் துணியில் வைத்துக்கொண்டார். வயதுபோன ஒரு ஐயா, “ஐயோ பிள்ளை, வேண்டாம் விடுங்கோ” என்று காலை இழுத்தார். இவர் விடவில்லை. குதியைப் பிடித்துச் சப்பாத்துக்குள் இறக்கி, வாரை இழுத்து, இளக்கி, திரும்ப இழுத்து, ஒரு விரலை உள்ளே விட்டுப் பார்த்து, பிறகு கேட்டார்.

“எங்க குத்துது?”

“ஒரு இடமும் குத்தேல்லை.”

அவர் எழும்பாமல் காத்துக்கொண்டிருந்தார். ஐயா சற்று நேரம் யோசித்துவிட்டு, சின்னவிரல் பக்கம் கொஞ்சம் குத்துது என்றார்.

இதுதான் அவருடைய வேலை. எங்க குத்துது என்று கேட்டுவிட்டு முழங்காலில் காத்திருப்பார். சனமும் சும்மா இருக்குமா? சின்னவிரலில் தொடங்கினவர்கள் கட்டிமுடியாத வீட்டுக்குப் போவார்கள், ஆமி இன்னும் விடாத காணிக்குப் போவார்கள், குடிக்கிற மருமகனுக்குப் போவார்கள். கொக்கிளாயிலிருந்து ஒரு அம்மா வருவார், ஒரு சோடி செருப்பு வாங்க அரைநாள் எடுப்பார். எனக்கு மேசையில் இருந்து பல்லைக் கடிக்கத்தான் முடியும்.

“இஞ்ச பாருங்கோ அக்கா, நீங்கள் இப்பிடிக் குந்தினால் நாளைக்கு எங்களையும் குந்தச் சொல்லுவினம்” என்று ஒருநாள் நேரடியாகவே சொன்னேன்.

“நீ குந்தாத. எனக்கு நிண்டு செய்ய வராது” என்றார்.

முதலாளிக்கும் முதலில் இது பிடிக்கவில்லை. அவர் வவுனியாக்காரர், தொழுகைக்குப் போகும்போது கூடக் கடையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போகிறவர். “புள்ள, ஸ்டூல் ஒண்டு இருக்குத்தானே, அதில இரிங்க. பாக்கிற ஆக்கள் நான்தான் உங்களை இப்பிடி வைச்சிருக்கிறன் எண்டு நினைப்பாங்க” என்று மன்றாடிப் பார்த்தார். பிறகு, ஒருதரம் வாங்கினவர்கள் திரும்பி வருகிறார்கள் என்று கண்டதும் பேசாமல் விட்டுவிட்டார்.

கடைக்குள் மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை. தெருவிலும் அதே கதைதான். பூநகரி பஸ்ஸில் ஒருநாள் முன் ஆசனத்தில் இருந்த ஒரு பெண்ணின் செருப்பு வார் முறுக்குப்பட்டு, குதிக்கு மேலே தோலைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. இவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆசனத்துக்குக் கீழே கையை விட்டிருக்கிறார். அந்தப் பெண், கொலுசைக் கழற்றுகிறாள் கள்ளி என்று கத்த, கொண்டக்டர் பஸ்ஸை நிறுத்தி, இவரை நடுவழியில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். அந்த வழியில் பஸ் எப்போதாவதுதான். நல்ல வெயிலில் நடந்திருக்கிறார். அடுத்தநாள் எங்களுக்கு இதைச் சொல்லும்போது அவருக்கு வெட்கமும் இல்லை, கோபமும் இல்லை.

“வார் சரியாத்தான் வந்தது. கொளுக்கியைப் போடத்தான் விடேல்லை” என்றார்.

எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது வேறொரு நாள். ஒரு ஆமிப் பெடியன் சீருடையோடு வந்தான், ஒரு ரப்பர் செருப்பு வேணும் என்று கையால் காட்டினான். நொண்டிக்கொண்டு நின்றான். அக்கா வழக்கம்போல முழங்காலில் இறங்கி அவனுடைய பூட்ஸின் நூலை அவிழ்க்கத் தொடங்கினார். கடைக்குள் நின்ற சனம் கதையை நிறுத்தியது. ஒரு அம்மா கையில் எடுத்த செருப்பைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே போனார். அந்தப் பெடியனுக்கே விறைத்துப்போய்விட்டது. அக்கா அவன் காலைத் துடைத்து, செருப்பைப் போட்டுவிட்டு, பூட்ஸை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்.

அவன் போனதும் நான் வாயை விட்டேன். “உங்கட மனிசனை ஒருக்கா நினைச்சுப் பாத்தனீங்களோ?” என்று கேட்டேன். அவருடைய கணவர் சண்டையின் கடைசி நேரத்தில் வட்டுவாகல் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றவர். பிறகு அவரை ஒருவரும் காணவில்லை.

“நினைச்சனான்” என்றார். துணியை மடித்துக்கொண்டே சொன்னார். “அவனுக்குக் கொப்புளம் உடைஞ்சு இரத்தம் வந்துகொண்டு இருந்தது. என்ர மனிசன்ர காலை ஒருத்தரும் பாத்திருக்க மாட்டினம் எண்டுதான் நினைச்சனான்.”

அதற்குப் பிறகு நான் அவரிடம் அந்த மாதிரிக் கேள்வி கேட்கவில்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரியவந்ததே ஒரு சொல்லால்தான். கணவர் இல்லாமல் போனபிறகு, முகாமிலிருந்து விடுபட்டுச் சொந்த இடத்துக்கு வந்ததும், அக்கா தன் ஒரே மகளைப் பூநகரியில் இருந்த தமக்கையிடம் விட்டுவிட்டு அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனார். போய்க் கொஞ்ச நாளில் தமக்கை போனில் கேட்டிருக்கிறார், அங்கை உனக்கு என்ன வேலை என்று.

“முள்ளுக் கட்டுற வேலை” என்றாராம் இவர். அதோடு போனில் காசு முடிந்துவிட்டது.

வன்னியில் முள்ளுக் கட்டுவது என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான், முள்ளுக்கம்பி. அந்தக் கம்பிக்குள் இருந்துவிட்டு வந்து மாதக்கணக்கு ஆகாத சனம். தமக்கை அழுதிருக்கிறார், அங்கை போயும் கம்பியோ என்று. ஊர் முழுக்க, பாவம் அவள் பாலைவனத்தில் வேலி அடிக்கிறாள் என்று கதை. பள்ளிக்கூடத்தில் ரீச்சர் கேட்டபோது அந்தச் சின்னப்பிள்ளை எழும்பி நின்று, என்ர அம்மா முள்ளுக்கம்பி கட்டுறா என்று சொல்லியிருக்கிறாள். அக்காவுக்கு இது தெரியவந்தபோது திருத்தியிருக்கலாம். கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் பிள்ளை சாப்பிட்டதா, காய்ச்சல் விட்டதா என்று கேட்கவே காணாது, இதையெல்லாம் எங்கே விளக்குவது என்று விட்டுவிட்டார். வருடக்கணக்காக அவர் ஊருக்கு வேலி அடிக்கிற பெண்ணாகவே இருந்தார்.

உண்மையில் அது குதிமுள். சப்பாத்தின் குதியில் கட்டி, குதிரையின் விலாவில் தொட்டு ஓட்டுகிற சாமான். நல்ல தமிழில் அப்படிச் சொல்வார்களாம். எங்களுக்கு அந்தச் சொல், குதிக்காலில் எலும்பு வளர்ந்தால் ஆஸ்பத்திரியில் சொல்வது மட்டும்தான். அக்கா வேலை செய்த வீட்டில் குதிரைகள் இருந்தன. மடம் என்று இவர் சொல்லும் வீட்டுக்காரியின் மகளுக்குக் குதிரை ஓட்டம் பழக்கினார்கள். காலையில் அந்தப் பிள்ளைக்கு முழங்கால் வரை வரும் சப்பாத்தை இழுத்துப் போட்டு, மேலே குதிமுள்ளைக் கட்டிவிடுவது இவருடைய பொறுப்பு.

மழை நாளொன்றில் கடையில் ஆள் இல்லாதபோது அதைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். வரும்போது மடம் பழைய சோடி ஒன்றை நினைவுக்குக் கொடுத்திருக்கிறார். ஒன்றைக் கைப்பையில் வைத்திருந்தார். மற்றது பூநகரியில் தமக்கை வீட்டில், அவர் கொண்டுவந்த பெட்டிக்குள் கிடந்தது. லாடம் மாதிரி வளைந்த வெள்ளி நிறக் கம்பி, பின்னால் விரலளவு நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனை, ஒரு தோல் வார். இவ்வளவுதானா என்றிருந்தது எனக்கு.

வயலுக்குப் போடுகிற ரப்பர் பூட்ஸ் ஒன்றை என் காலில் மாட்டச் சொல்லி, அதில் கட்டிக் காட்டினார். அன்றுதான் முதல்தரம் அவர் தொடர்ந்து கதைத்துக் கேட்டேன்.

“இந்த முனை கீழ பாக்கோணும். மேல பாத்தால் குதிரைக்குக் கிழிச்சுப் போடும். இந்தப் பக்கத்துக் கை கொஞ்சம் நீளம், அது வெளிப்பக்கம் வரோணும். கொளுக்கியும் வெளிப்பக்கம்தான், நல்லா மேல ஏறி இருக்கோணும். மிச்ச வாரை உள்பக்கம் விட்டால் குதிரையின்ர வயித்தில உரஞ்சும். சப்பாத்தில இதுக்கெண்டு ஒரு படி இருக்கும், அதில மட்டமாக் குந்தோணும். கூட இறுக்கினால் பிள்ளைக்கு நோகும். இளகினால் சரிஞ்சு போய்க் குதிரைக்கு நோகும்.”

முனையைத் தொட்டுப் பார்த்தேன், மழுங்கலாக இருந்தது. “இது குத்தாதே” என்றேன்.

“குத்துறதுக்கில்ல. தொட்டால் அதுக்கு விளங்கோணும், அவ்வளவுதான்.”

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைத் தலைகீழாகக் கட்டிவிட்டாராம். முள் என்றால் மேலே பார்த்து நிற்கும் என்று நினைத்திருக்கிறார். இளகலாகவும் கட்டியிருக்கிறார். குதிரை விலாவில் இரத்தத்தோடு திரும்பி வந்தது. அந்தப் பிள்ளை குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறாள். மடம் இவரைக் குசினிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். கதவு திறக்கும் வரை குசினித் தரையில் இருந்து, ஒரு கரண்டியையும் துணியையும் வைத்துக் கட்டிக் கட்டிப் பழகினேன் என்றார்.

“அந்தப் பெட்டைக்கு எத்தினை வயசு?” என்று கேட்டேன்.

“என்ர பிள்ளையின்ர வயசுதான்” என்றார். சொல்லும்போது என் பூட்ஸிலிருந்து வாரைக் கழற்றிக்கொண்டிருந்தார், தலை குனிந்திருந்தது.

அவருடைய துயரத்தின் அடி இதுதான் என்று எனக்கு அன்றே பட்டது. தன் மகளின் கால் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று தெரியாமல், கையில் கிடைத்த அந்தப் பெட்டையின் கால் அளவுக்கே சப்பாத்து வாங்கி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்து விட்டிருக்கிறார். அது நல்ல சாப்பாட்டில் வளர்ந்த பிள்ளை, பெரிய கால். பூநகரியில் வளர்ந்த மெலிந்த பிள்ளைக்கு ஒன்றும் அளவில்லை. ஒவ்வொரு சோடியும் தொளதொளவென்று இருந்தது. தமக்கை அவற்றை அயலில் பெரிய பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்.

ஊருக்குத் திரும்பி வந்து, வேலி அடிக்கவில்லை, ஒரு பிள்ளையின் காலில் முள்ளுக் கட்டினேன் என்று இவர் சொன்னபோது வீட்டில் ஒருவருக்கும் அது சந்தோசமாக இல்லை. “நீ முள்ளுக்கம்பி எண்டே சொல்லியிருக்கலாம்” என்றாராம் தமக்கை.  மகள் தமக்கையை அம்மா என்றாள், தமக்கையின் கணவரை, அக்காவின் அத்தானை, அப்பா என்றாள். இவரை எந்த உறவுமுறை சொல்லியும் கூப்பிடவில்லை. தேவைப்பட்டால் “இஞ்சருங்கோ” என்பாளாம்.

அப்படியும் அக்கா விடவில்லை. கிளிநொச்சியில் ஒரு அறை எடுத்தார், எங்கள் கடையில் வேலைக்கு வந்தார், விடுமுறை நாளில் பூநகரிக்கு பஸ் பிடித்தார். மகள் ஓ. எல். சோதனை எடுத்துவிட்டு, உயர்தரம் படிக்க ரவுனுக்குத் தன்னிடம் வருவாள் என்பது அவருடைய ஒரே நினைப்பு. பூநகரியிலிருந்து ரவுன் ரியூசனுக்கு வந்து போவது கஷ்டம் என்பதால் தமக்கையும் கொஞ்சம் இறங்கி வந்திருந்தார். மகளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது போதும் இவருக்கு. அறைக்கு ஒரு மேசை வாங்கினார், நுளம்பு வலை வாங்கினார், முகம் பார்க்கும் கண்ணாடி வாங்கி அதை எந்த உயரத்தில் மாட்டுவது என்று என்னிடம் கேட்டார்.

“பிள்ளை எவ்வளவு உயரம்?” என்றேன்.

தன் காதுக்கு நேரே கையை வைத்துக் காட்டினார், பிறகு கொஞ்சம் உயர்த்தினார். அந்தக் கண்ணாடி கடைசிவரை சுவரில் சாத்தியபடியே இருந்தது.

தைப்பொங்கல் கழிந்து மாட்டு வண்டில் சவாரி நடந்தது. அத்தான் வண்டில் விடுகிறார், மகளும் வருவாள், நீயும் வா, பிள்ளையைக் காட்டுறன் என்று அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அவர் உற்சாகமாக இருந்ததை அன்று ஒருநாள்தான் கண்டேன். மகளைத் தூரத்திலிருந்து காட்டினார். மஞ்சள் சட்டை போட்ட ஒல்லிப் பிள்ளை, வென்று வந்தால் மாட்டுக்குப் போடுவதற்கு மாலையைக் கையில் வைத்துக்கொண்டு திடலின் முடிவில் நின்றாள்.

சவாரியில் மாட்டை ஆணியால் குத்தக் கூடாது என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். குத்துகிறவர்கள் குத்திக்கொண்டே இருப்பார்கள். அத்தானின் சோடி முதலாவதாக வந்து புழுதிக்குள் நின்றது. சனம் விசிலடித்தது. மகள் மாலையோடு ஓடினாள். இடப்பக்க மாட்டின் பின்தொடையில் இரத்தம் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. அதையும் எல்லோரும் வழக்கமாகத்தான் பார்த்தார்கள். அக்கா மட்டும் மாட்டைப் பார்க்கவில்லை, அத்தானின் கையில் இருந்த தடியைப் பார்த்தார். துவரந்தடியின் நுனியில், கம்பியால் இறுக்கிச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது அந்தக் குதிமுள். பெட்டிக்குள் கிடந்த மற்றது. மழுங்கல் முனையை அத்தான் அரத்தால் ராவி ஊசியாக்கியிருந்தார்.

நான் பிடிப்பதற்குள் போய்விட்டார். சனத்துக்கு நடுவில் போய் அந்தத் தடியை அத்தானின் கையிலிருந்து பறித்தார்.

“இது குத்துறதுக்கில்ல அத்தான். இது குத்துறதுக்கில்ல” என்று கத்தினார். அவ்வளவு பெரிய குரல் அவருக்குள் இருந்தது எனக்குத் தெரியாது. ஒலிபெருக்கிக்காரன் கூட நிறுத்திவிட்டான். நடுவர்கள் வந்து தடியை வாங்கிப் பார்த்தார்கள். தங்களுக்குள் கதைத்தார்கள். முதலிடம் இல்லையென்று அறிவித்தார்கள். அத்தான் மாட்டின் கயிற்றைப் பிடித்தபடி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். ஊருக்கு முன்னால் அவர் அப்படி நின்றதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

மகள் மாலையைக் கீழே போட்டாள். அழவில்லை. கிட்ட வந்து, தாய்க்கு மட்டும் கேட்கிற மாதிரித்தான் சொன்னாள். பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது.

“உங்களுக்குக் குதிரையின்ர நோ தெரியுது. மாட்டின்ர நோ தெரியுது. ஆரோ ஒரு பெட்டையின்ர காலளவு தெரியுது. என்ர காலளவு தெரியுமோ உங்களுக்கு? என்னை வளத்தது இவர். இவரை இப்பிடி நிக்க வைச்சிட்டீங்கள்.”

  அக்கா செய்தது சரியென்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன். அந்தப் பிள்ளை சொன்னதும் சரிதான். இரண்டும் சரியாக இருக்கும்போது எனக்குத் தலை வெடிக்கும், யார் பக்கம் நின்று கோபப்படுவது என்று தெரியாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் இருந்து, நடுவர்கள் கழற்றிக் கொடுத்த அந்த ராவின இரும்பை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார். விரலில் இரத்தம் வந்தது. நான்தான் பிடுங்கி யன்னலால் எறிந்தேன்.

உயர்தரத்துக்கு மகள் வரவில்லை. அக்கா பூநகரிக்குப் போவதும் நின்றது. போனால் தமக்கை கதவடியிலேயே கதைத்து அனுப்பிவிடுவாராம். அவர் மேசையையும் நுளம்பு வலையையும் யாருக்கோ கொடுத்துவிட்டார். வேலை மட்டும் மாறவில்லை. முன்னையை விடக் கவனமாகச் செய்தார், முன்னையை விட நேரம் எடுத்தார். முதலாளி என்னைப் பார்ப்பார், நான் முதலாளியைப் பார்ப்பேன். அவரைப் பார்க்க எனக்குப் பயமாகவும் இருந்தது. ஒரு ஆள் இவ்வளவுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தால், அதுவும் கைநழுவினால் என்ன செய்யும் என்கிற பயம்.

சில வருடங்கள் கழித்து ஒரு பின்நேரம் வவுனியாவிலிருந்து ஒரு அம்மா கடைக்குள் வந்தார். நல்ல சேலை, நல்ல சிரிப்பு, வாய் ஓயாத கதை. மகன் சுவிசில் இருக்கிறானாம், இங்கே பெண் பார்த்துக் கலியாண எழுத்தும் முடிந்துவிட்டதாம், மருமகள் போகப் போகிறாளாம்.

“பிள்ளைக்குக் குளிருக்குப் போடுற மாதிரிக் கணுக்கால் மூடின ஒண்டு எடுங்கோ. பஸ்ஸுக்கு நேரம் கிடந்தது, எதிர்க்க உங்கட கடையைக் கண்டன்” என்று சொல்லிக்கொண்டே வாசலைத் திரும்பிப் பார்த்து, “உள்ளுக்கு வாங்கோவன், ஏன் அங்கை நிக்கிறியள்” என்றார்.

வாசலில் தமக்கை நின்றார், பக்கத்தில் அந்தப் பிள்ளை. இருவருக்கும் முகத்தில் இரத்தம் இல்லை. இந்தக் கடைக்குத்தான் இந்த அம்மா நுழைவார் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். தமக்கை என்னைப் பார்த்து, கையெடுத்துக் கும்பிடுகிற மாதிரி விரல்களைச் சேர்த்துப் பிடித்தார். என்னத்துக்கு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

பிள்ளை வந்து கதிரையில் இருந்தாள். வெள்ளைச் சொக்ஸோடு விளையாட்டுச் சப்பாத்துப் போட்டிருந்தாள். அக்கா முழங்காலில் இறங்கி, துணியை விரித்து, அந்தச் சப்பாத்துகளின் நூலை அவிழ்த்துக் கழற்றி ஒரு பக்கம் வைத்தார். பெட்டியிலிருந்து பூட்ஸை எடுத்து, சொக்ஸ் போட்ட காலைத் தூக்கி மடியில் வைத்தார். மகளின் கால் அவருடைய கையில் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

“பாவம் பிள்ளை” என்றார் வவுனியா அம்மா, என் மேசையில் சாய்ந்துகொண்டு, எல்லோருக்கும் பொதுவாக. “தாயையும் தேப்பனையும் கடைசி நேரம் பறிகுடுத்த பிள்ளை. பெரியதாய் வீட்டிலதான் வளந்தது. இனி நான்தானே அதுக்குத் தாய்.”

அவர் அன்பாகத்தான் சொன்னார். கெட்ட மனிசியாக இருந்திருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். தமக்கை சப்பாத்துத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிள்ளை சுழல்கிற காற்றாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவின் கை நூலில் நின்றது.  இப்போது இவர் தலை நிமிர்ந்து ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் கவிழ்ந்துவிடும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், அந்த அம்மாவைத் தவிர.

அக்கா நூலை இழுத்து முடிந்தார்.

“ஓம் அம்மா. இஞ்ச கனபேருக்கு அப்பிடித்தான்” என்றார்.

பிள்ளையை எழுந்து நடந்து பார்க்கச் சொன்னார். அவள் இரண்டடி நடந்து, “காணும், அளவு சரி” என்றாள். அக்கா பூட்ஸைக் கழற்றிப் பெட்டியில் வைத்து, பழைய சப்பாத்தைத் திரும்பப் போட்டுவிட்டு, பெட்டியை வவுனியா அம்மாவிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டும் பெட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை.

“அம்மா, ஒண்டு சொல்லுறன் குறை நினையாதேங்கோ. பிள்ளைக்கு இடக்கால் குதிக்கு மேல ஒரு காயத் தழும்பு கிடக்கு. ஆழமான காயம், உள்ளுக்கு இன்னும் ஷெல் துண்டு ஏதும் இருக்கும். குளிர் காலத்தில அது இழுக்கும். பிள்ளை சொல்லாது, பேசாமத் தாண்டித் தாண்டி நடக்கும். நீங்கள்தான் பாத்துக் கேக்கோணும். இறுக்கின சப்பாத்து வாங்கிக் குடுக்க விடாதேங்கோ.”

“ஐயோ, எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே” என்றார் அந்த அம்மா. பிறகு அக்காவின் தோளைத் தட்டினார். “போட்டுவிட்ட நேரத்துக்குள்ள எவ்வளவு கவனமாப் பாத்திருக்கிறியள். நல்ல பிள்ளை நீங்கள்.”

அந்தப் பிள்ளை சொக்ஸைக் கழற்றவேயில்லை. அந்தத் தழும்பை அன்று அந்தக் கடையில் ஒருவரும் பார்க்கவில்லை. இது வவுனியா அம்மாவுக்கு உறைக்கவில்லை. பிள்ளைக்கு உறைத்தது. அவள் முதல்தரம் குனிந்து, தரையில் இன்னும் முழங்காலில் இருந்த தாயின் முகத்தைப் பார்த்தாள். வாய் திறந்தது. நான் காசை வாங்கி மிச்சத்தைக் கொடுக்க மறந்துபோய் நின்றேன்.

பஸ்காரன் வெளியே ஹோன் அடித்தான்.

அவள் வவுனியா அம்மாவின் பக்கம் திரும்பி, “போவம், மாமி” என்றாள்.